ஸ்கூட்டரில் ரெண்டு பேர், தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் ஒரு நாள்: எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

தாம்பரம்_கிழக்கு:

வரும் ஞாயிறு நானும் மனைவியும் ஸ்கூட்டரில் மாமல்லபுரம் போய்விட்டு அன்றே திரும்பலாம் என்று இருக்கிறோம். வண்டி 110 சிசி, வாங்கி நாலு வருஷம், பின் டயர் 10 இன்ச். ரெண்டு பேர் எடையும் சேர்த்து 138 கிலோ வரும். இதுவரை ரெண்டு பேராகப் போன அதிக தூரம் தாம்பரத்திலிருந்து மயிலாப்பூர்தான். அதற்கே வீட்டம்மாவுக்கு அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஏர் எவ்வளவு வைப்பது, எந்த ரோட்டில் போவது, எத்தனை மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் பார்த்து முடிக்கலாம்? அவர் புடவை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்துதான் பழக்கம், அது அவ்வளவு தூரத்துக்குச் சரிப்படுமா? முடிந்தால் திருக்கழுக்குன்றமும் பார்த்துவிட்டு செங்கல்பட்டு வழியாகத் திரும்பலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.

ஸ்பேனர்_14:

முதலில் ஏர். இந்த ஒன்றைச் சரி செய்தால் இடுப்பு வலியில் பாதி, வண்டி ஆட்டத்தில் முக்கால்வாசி போய்விடும். உங்கள் வண்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சீட்டுக்கு அடியிலோ பின் சக்கரத்துக்குப் பக்கத்திலோ பாருங்கள். அதில் பின் டயருக்கு ரெண்டு எண் போட்டிருப்பான், ஒன்று தனியாக ஓட்ட, இன்னொன்று பின்னால் ஆள் இருக்கும்போது. ஆக்டிவா 110 என்றால் முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் தனியாக 29, ரெண்டு பேருக்கு 36. வேறு கம்பெனி வண்டிக்கு எண் மாறும், அதனால் ஸ்டிக்கரில் இருப்பதுதான் கணக்கு. பெட்ரோல் பங்கில் ஏர் பிடிக்கிற தம்பி கேட்காமலே எல்லா ஸ்கூட்டருக்கும் 30 வைத்துவிடுவார். பக்கத்தில் நின்று எண்ணைச் சொல்லி வையுங்கள். மறுநாள் தனியாக ஆபீஸ் போகும்போது பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் கல்லாகத் தூக்கிப்போடும்.

ஏர் பிடிப்பது வண்டி கிளம்பிய முதல் ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வெயிலில் 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அளந்தால் சூட்டில் ரெண்டு மூணு பாயின்ட் கூடக் காட்டும். அதிகமாக இருக்கிறதே என்று அப்போது இறக்கினால், டயர் ஆறியதும் தேவைக்குக் குறைவாகப் போய்விடும். ஏர் குறைந்த 10 இன்ச் டயரில் 138 கிலோ உட்கார்ந்தால் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறும். வளைவில் வண்டி வால் ஆட்டும். ஓட்டுகிறவர் ரோடு சரியில்லை என்று நினைப்பார்.

அடுத்து பின் பிரேக். லீவரை லேசாக அழுத்தும்போது பிடிப்பு தொடங்குவதற்கு முன் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்குங்கள். முறுக்கிய பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், உரசல் இருக்கக் கூடாது. உரசினால் 50 கிலோமீட்டரில் டிரம் சூடாகி பிரேக்கே மங்கிவிடும். ரெண்டு பேர் இருக்கும்போது வண்டி நிற்க எடுக்கிற தூரமும் கூடும். முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக விடுகிற இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு விடுங்கள்.

பின் ஷாக் அப்சார்பரில் மூணு படி வைத்த மாடல் என்றால் ஒரு படி ஏற்றலாம். அதற்கென்று கொக்கி ஸ்பேனர் ஒன்று இருக்கிறது, மெக்கானிக்கிடம் ரெண்டு நிமிஷ வேலை. படியே இல்லாத மாடலும் உண்டு, அதில் ஒன்றும் செய்வதற்கில்லை. எண்ணெய் கசிந்த ஷாக் என்றால் இந்தப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். இடுப்பு வலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சோதிப்பது சுலபம்: வண்டியை நிறுத்திவைத்து பின் சீட்டை ஒரே அழுத்தாக அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் நல்லது, மூணு தடவை குதித்தால் ஷாக் செத்துவிட்டது.

பின்னால் எடை ஏறினால் மூக்கு தூக்கும், ஹெட்லைட் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். மனைவியை உட்காரவைத்துச் சுவரில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து, விளக்குக்கு அடியில் இருக்கிற திருகை ஒரு சுற்று இறக்குங்கள். பகலிலேயே திரும்பிவிடுவோம் என்றாலும் இதைச் செய்துவையுங்கள்.

பின் சக்கரத்தை ஓட்டுகிற பெல்ட் 20,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் பக்க மூடியைக் கழற்றி விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். ரோட்டில் பெல்ட் அறுந்தால் தள்ளுவதைத் தவிர வழியில்லை, அதுவும் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வெயிலில்.

பின்சீட்டுக்காரி:

ஓட்டுகிறவர் விஷயத்தை மேலே சொல்லிவிட்டார். பின்னால் உட்காருகிறவர் விஷயத்துக்கு வருகிறேன், அண்ணா, இதை உங்கள் வீட்டம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

ஒரு பக்கமாக உட்கார்ந்து 50 கிலோமீட்டர் வேண்டாம். மயிலாப்பூருக்குச் சரி, இதற்குச் சரியில்லை. ஒரு பக்கமாக உட்காரும்போது இடுப்பு முறுகியே இருக்கிறது. ரெண்டு பாதத்துக்கும் சரியான பிடிப்பு கிடைப்பதில்லை. எடை இடப்பக்கமாகச் சாய்வதால் ஓட்டுகிறவரும் தன்னை அறியாமலே வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். அவருக்கு வலத் தோள் வலிக்கும், பின்னால் இருப்பவருக்கு இடுப்பு வலிக்கும். திடீர் பிரேக்கில் முன்னால் சரிவதைத் தடுக்கத் தொடைக்குப் பிடிமானமே இல்லை. அன்றைக்கு ஒரு நாள் சுடிதாரோ பேன்ட்டோ போட்டுக்கொண்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். புடவையில் படம் எடுக்க ஆசை என்றால் பையில் மடித்து எடுத்துப் போகலாம்.

துப்பட்டாவைத் தோளில் தொங்கவிடவே கூடாது. குறுக்கே போட்டு ரெண்டு முனையையும் இடுப்புக்குப் பக்கவாட்டில் முடிச்சுப் போட்டு, முடிச்சின் வாலைச் செருகிவிடுங்கள். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஸ்கூட்டரில் சக்கரம் மூடித்தானே இருக்கிறது என்று நினைப்பார்கள். பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி போதும், காற்றில் பறக்கிற துணியை உள்ளே இழுக்க. புடவைதான் என்று முடிவானால், முந்தானையை இழுத்துச் சுற்றி இடுப்பில் செருகி, கொசுவத்தின் அடியைத் தொடைக்கு அடியில் அமுக்கி உட்கார வேண்டும். சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற கார்டு இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உண்டு. பைக்கில் அழகுக்காகக் கழற்றி எறிகிறார்களே, அது தண்டனைக்குரிய அழகு.

இப்போது இடுப்பு. ஓட்டுகிறவருக்குப் பள்ளம் கண்ணில் படும், உடம்பு தானாக இறுகிக்கொள்ளும். பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, முழு அதிர்ச்சியும் முதுகுத்தண்டில் இறங்கும். போதாததற்கு அவர் உட்கார்ந்திருப்பது பின் சக்கரத்துக்கு நேர் மேலே. அதனால் பள்ளம் வந்தால் வாயால் சொல்லுங்கள், அண்ணா. “பள்ளம்”, “பிரேக்கர்”, அவ்வளவு போதும். சொன்னதும் பாதத்தை அழுத்தி, தொடையில் கொஞ்சம் எடையை ஏற்றினால் பாதி அதிர்வு காலோடு நின்றுவிடும். இதற்குப் பின்னால் இருப்பவர் கால் வைக்கிற மடிப்புக் கட்டை ரெண்டும் விரிந்திருக்க வேண்டும். பல ஸ்கூட்டரில் இடது பக்கம் துருப்பிடித்து அரைகுறையாக நிற்கும், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

கையை எங்கே வைப்பது? ஒரு கை ஓட்டுகிறவர் இடுப்பில், இன்னொன்று பின் கம்பியில். ரெண்டு கையும் கம்பியில் வைத்தால் பிரேக் போடும்போது ஹெல்மெட் போய் முன் ஹெல்மெட்டில் முட்டும். ரெண்டு கையும் அவர் தோளில் வைத்தால் ஹேண்டில் கனக்கும். வளைவில் அவர் சாய்கிற அளவே சாய வேண்டும், பயந்து எதிர்ப்பக்கம் நிமிரக் கூடாது. வண்டி வளையாமல் நேராகப் போகப் பார்க்கும்.

ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஸ்டாண்டு எடுத்து, ரெண்டு காலும் தரையில் ஊன்றி, ரெண்டு பிரேக்கும் பிடித்த பிறகுதான் ஓட்டுகிறவர் “ஏறு” என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தவர் “சரி” என்று சொன்ன பிறகுதான் கிளம்ப வேண்டும். இறங்குவது எப்போதும் இடப்பக்கம். வலப்பக்கம் சைலன்சர், கெண்டைக்காலில் பட்டால் ரெண்டு நாளைக்குக் கொப்புளம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு பேசினால் பாதி காதில் விழாது. தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாக, ரெண்டு தட்டு என்றால் ஓரமாக நிறுத்து என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், இறங்கி ரெண்டு நிமிஷம் நடக்க வேண்டும். வலி வந்த பிறகு இறங்கினால் அந்த வலி நாள் முழுக்கக் கூடவே வரும்.

ஹெல்மெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொண்டை போட்டால் ஹெல்மெட் பின்னால் உட்காராமல் நெற்றிக்கு இறங்கும், வார் தாடையில் நிற்காது. கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னல்தான் சரி. கிளிப், ஜிமிக்கி எல்லாம் பையில் இருக்கட்டும். தலைச் சுற்றளவைப் புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே நூல் வைத்து அளந்து வாங்குங்கள். கணவரின் பழைய ஹெல்மெட் மனைவிக்கு என்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது, அது தலையில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்க வேண்டும். பின்னால் இருப்பவர் போடாவிட்டாலும் தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய்.

ஈசிஆர்_பெருசு:

வழி சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர் 7 கிலோமீட்டர். அங்கே இடப்பக்கம் திரும்பி கேளம்பாக்கம் வரை கிட்டத்தட்ட 18. கேளம்பாக்கத்தில் ரெண்டு வழி. வலப்பக்கம் திரும்பி ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) திருப்போரூர் போய் மாமல்லபுரம் சேரலாம். இல்லையென்றால் கோவளம் ரோட்டில் அஞ்சாறு கிலோமீட்டர் போய் ஈசிஆரைப் பிடிக்கலாம், அங்கிருந்து மாமல்லபுரம் இருபது. எப்படிப் போனாலும் மொத்தம் 50 பக்கம்தான். நான் சொல்வது: போகும்போது கோவளம் வழி, வரும்போது திருப்போரூர் வழி.

ஏன் என்றால், காலையில் கேளம்பாக்கம்–கோவளம் ரோட்டில் ரெண்டு பக்கமும் உப்பங்கழி, உப்பளம். பனிக்காலத்தில் பறவை இருக்கும், ஓரமாக நிறுத்தி டீ குடிக்கலாம். ஈசிஆரும் காலை ஏழு மணிக்கு முன் காலியாக இருக்கும். மாலையில் கதையே வேறு. ஞாயிறு நாலு மணிக்கு மேல் கோவளம், முட்டுக்காடு பக்கமெல்லாம் கார் ஊர்ந்து போகும், கார் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியாது. கூடவே கடல் காற்று. நண்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கும், வடக்கு நோக்கி வரும்போது வலப்பக்கத்திலிருந்து தள்ளும். கட்டடமோ சவுக்குத் தோப்போ இருக்கும் இடத்தில் காற்று இருக்காது, அது முடிகிற இடத்தில் ஒரே தள்ளாகத் தள்ளும். ஸ்கூட்டர் லேசான வண்டி, பின்னால் ஆள் வேறு, அரை அடி ஒதுங்கும். ஒதுங்கினால் பதறி ஹேண்டிலைத் திருப்பாதீர்கள். வேகத்தை 40-க்கு இறக்குங்கள், அவ்வளவுதான். ரோட்டோரத்தில் மணல் படிந்திருக்கும் இடங்களில் முன் பிரேக் கூடவே கூடாது.

வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் ஸ்பீடு பிரேக்கர் அதிகம், கல்லூரி வாசலுக்கு வாசல் ஒன்று. பெயின்ட் அழிந்து கண்ணுக்குத் தெரியாததும் உண்டு. லாரிக்கு நேர் பின்னால் போகாதீர்கள், பள்ளம் சக்கரத்துக்கு அடியிலிருந்துதான் வெளியே வரும்.

டோலில் இரு சக்கர வண்டிக்குக் காசு இல்லை, ஓரப் பாதையில் போய்விடலாம். பெட்ரோல் போக வர 110 கிலோமீட்டர் என்று வைத்தால், ரெண்டு பேர் எடையில் லிட்டருக்கு 45 கொடுத்தாலும் ரெண்டரை லிட்டர். தாம்பரத்திலேயே நிரப்பிக்கொண்டால் யோசனையே வேண்டாம்.

காலை 5:30-க்குக் கிளம்புங்கள். 45 வேகம், நடுவில் ஒரு டீ, ஏழேகாலுக்கு உள்ளே இருப்பீர்கள். திரும்புவது மூணு மணிக்கு முன்.

515_பயணி:

எல்லாரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். தாம்பரத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு 515 பஸ் போகிறதே. இடுப்பு வலி இருக்கிறவரை 10 இன்ச் டயரில் 100 கிலோமீட்டர் ஏற்றி இறக்குவதற்கு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டிப் போகலாம். சாதாரணக் கட்டண பஸ் வந்தால் பெண் என்பதால் அவருக்குக் கட்டணம் இல்லை, காசு உங்களுக்கு மட்டும்தான். ஊருக்குள் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கம், நடந்தே பார்க்கலாம், இல்லை ஆட்டோ. ஒரே குறை, நடுவில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. ஞாயிறு மாலை திரும்பும்போது நிற்க வேண்டி வரும்.

தாம்பரம்_கிழக்கு:

எல்லாருக்கும் நன்றி. ஸ்டிக்கர் பார்த்தேன், பின்னால் ரெண்டு பேருக்கு 36 என்றே இருக்கிறது. இதுவரை 28-ல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். 515 யோசனையும் மனதில் இருக்கிறது, ஆனால் அவருக்கே வண்டியில் போகத்தான் ஆசை. சுடிதாருக்குச் சம்மதம் வாங்கியாயிற்று. இன்னும் ரெண்டு மூணு கேள்வி. ஏழேகாலுக்கு உள்ளே போனால் எதை முதலில் பார்ப்பது? ஹெல்மெட் ரெண்டையும் கையில் தூக்கிக்கொண்டே சுற்ற வேண்டுமா? வழியில் பஞ்சர் ஆனால்? திருக்கழுக்குன்றம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

உளிச்சத்தம்:

திருக்கழுக்குன்றத்தை விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் அதற்கென்றே போகலாம். மலைக்கோயிலுக்கு 500 படிக்கு மேல். செருப்பில்லாமல் ஏற வேண்டும், வெயில் ஏறினால் கல் சுடும். மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையில் அங்கே ஏறினால் மாமல்லபுரம் உச்சி வெயிலில் மாட்டும். மாலையில் ஏறினால் செங்கல்பட்டு வந்து ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிக்கும்போது இருட்டிவிடும். ஞாயிறு இரவு ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் சென்னைக்குத் திரும்புகிற ரோடு அது. பரனூர் டோலில் உங்களுக்குக் காசு இல்லை என்றாலும் நெரிசல் உங்களுக்கும் சேர்த்துத்தான். கழுகு பார்க்கத்தான் ஆசை என்றால், உச்சிவேளைக்குக் கழுகு வந்து சோறு தின்பது நின்று பல வருஷம் ஆகிறது.

மாமல்லபுரத்தில் சூரியன்தான் வரிசையைச் சொல்லும். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக விழும்போதுதான் செதுக்கின ஆழம் தெரியும், மதியத்துக்கு மேல் மொத்தமும் நிழலுக்குள் போய்த் தட்டையாகிவிடும். கடற்கரைக் கோயிலும் அப்படித்தான். ஆனால் அங்கே காலையில் சுற்றுலா பஸ் கூட்டம் ஒன்பது மணி வாக்கில் வந்து இறங்கும். எனவே கடற்கரைக் கோயில் முதலில், அங்கேயிருந்து அர்ச்சுனன் தபசு, பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம், வெண்ணெய் உருண்டைப் பாறை. மேட்டின் மேலே வராக மண்டபம், மகிஷமர்த்தினி குகை எல்லாம் நிழல் உள்ள இடங்கள், பத்து மணிக்கு மேல் அவற்றுக்குப் போங்கள். ஐந்து ரதம் இவை எல்லாவற்றையும் விடத் தள்ளி இருக்கிறது, வண்டியில் போவதுதான் நல்லது. அங்கே மணலும் வெட்ட வெளியும்தான், 11 மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். காலை 6 மணிக்குத் திறக்கிறார்கள், மாலை 6 வரை. நம்மவர்களுக்கு ஆளுக்கு 40 ரூபாய், ஆன்லைனில் எடுத்தால் 35. ஒரு டிக்கெட்டே அன்றைக்கு எல்லா இடத்துக்கும் செல்லும், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வாசலில் உள்ள கியூஆர் ஒட்டியில் போனைக் காட்டி எடுக்கலாம். காலையில் வரிசை இருக்காது, பத்து மணிக்கு மேல் இருக்கும்.

தபசுப் பாறையில் எல்லாரும் யானையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள், ஒரு பூனை பின்னங்காலில் நின்று முன்னங்கால் ரெண்டையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. மேலே தவம் செய்கிறவர் நிற்பது போலவே. அதன் காலடியில் எலிகள் நம்பிக் கும்பிட்டுக்கொண்டிருக்கின்றன. பூனையின் விலா எலும்பு தெரிய வயிறு ஒட்டியிருப்பதைக் கூடச் செதுக்கியிருக்கிறான். கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கிற இடத்தில் பசு கன்றை நக்குகிறது, அதன் நாக்கைப் பாருங்கள். இந்த ரெண்டுக்கும் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும், வீட்டுக்கு வந்த பிறகும் பேச விஷயம் இருக்கும்.

கடலில் இறங்குவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கால் நனைக்கலாம், முழங்காலுக்கு மேல் வேண்டாம். கோயிலை ஒட்டிய கடலில் இழுப்பு அதிகம், பாறையும் கிடக்கிறது. ஆள் மூழ்கிப் போவது அடிக்கடி நடக்கிறது.

நேரம் மிச்சம் இருந்தால் போகும்போதே சாளுவன்குப்பத்தில் புலிக்குகையில் நிறுத்தலாம். மாமல்லபுரத்துக்கு அஞ்சு கிலோமீட்டர் முன்னால், ஈசிஆரை ஒட்டியே இருக்கிறது. கூட்டம் இல்லாத இடம், நல்ல நிழல். பக்கத்திலேயே 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டி எடுத்த பழைய செங்கல் முருகன் கோயில் இருக்கிறது. தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் அதே ரோட்டில்தான், ஆனால் அதற்கு மட்டுமே மூணு மணி நேரம் வேண்டும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒரே நாளில் ரெண்டையும் சேர்க்காதீர்கள்.

கல் கடைகளில் அம்மி விலை கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடப் போகிறீர்கள். ஸ்கூட்டரில் பத்துப் பதினைந்து கிலோ கல்லை எங்கே வைப்பீர்கள்? கால் வைக்கிற இடத்தில் வைத்தால் பிரேக்கில் நகர்ந்து காலில் விழும். உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளையாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர்_14:

ஹெல்மெட்டுக்கு: சீட்டைத் தூக்கினால் கீல் பக்கத்தில் ரெண்டு சின்னக் கொக்கி இருக்கும், பல பேருக்கு அது எதற்கு என்றே தெரியாது. ஹெல்மெட் வாரில் இருக்கிற வளையத்தை அதில் மாட்டி சீட்டை அழுத்தி மூடினால் பூட்டிக்கொள்ளும். வார் வளையம் இல்லாத மாடல் ஹெல்மெட் என்றால் நாலடி நீளக் கேபிள் பூட்டு வாங்கி, ரெண்டு ஹெல்மெட்டின் தாடைப் பக்கமும் நுழைத்துப் பின் கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். உள்பக்கம் மேலே பார்க்க மாட்டாதீர்கள், வெயிலில் காய்ந்து தலையில் வைக்க முடியாது. குரங்கும் வந்து இழுக்கும். சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு போட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்ததும் உட்கார முடியும்.

பஞ்சர்: உங்கள் வண்டி டியூப்லெஸ் டயராகத்தான் இருக்கும். ஆணி ஏறியது தெரிந்தால் பிடுங்காதீர்கள், ஆணிதான் அடைப்பு. பக்கத்துப் பங்கில் 36-க்கு ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகலாம், மனைவியை ஆட்டோவில் அனுப்பிவிட்டுத் தனியாகப் போனால் இன்னும் நல்லது. கடையில் ஓட்டையைத் துருவியால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, பசை தடவிய திரியை முக்கால் உள்ளே அழுத்தி, ஊசியை வெடுக்கென்று இழுப்பார். மிச்ச நுனியை டயரோடு ஒட்ட வெட்டக் கூடாது, ரெண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். எச்சில் தொட்டுக் குமிழ் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டை டயரின் பக்கச் சுவரில் என்றால் திரி நிற்காது, அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

சீட்டுக்கு அடிப் பெட்டியில் சாப்பாட்டை வைக்காதீர்கள், அதற்கு நேர் கீழே இன்ஜின். தயிர் சாதம் கேளம்பாக்கம் போவதற்குள் புளித்துவிடும், சாக்லேட் கூழாகிவிடும். ரெயின் கோட், டூல் பை, பழந்துணி, இதெல்லாம் அங்கே இருக்கட்டும்.

பின்சீட்டுக்காரி:

சாப்பாட்டுப் பை பற்றி: முதுகில் மாட்டுகிற பை ஓட்டுகிறவர் முதுகில் இருந்தால் பின்னால் இருப்பவர் முகத்தில் இடிக்கும். பின்னால் இருப்பவர் மாட்டினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தோளைப் பின்னால் இழுக்கும், இடுப்பு வலிக்கு இதுவும் ஒரு காரணம். வாரைத் தளர்த்தி பையின் அடி சீட்டிலோ பின் கம்பியிலோ உட்காரும்படி விடுங்கள், எடையை வண்டி சுமக்கட்டும். நாலு கிலோவுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ரெண்டு, புளியோதரை போதும். எலுமிச்சை சாதமும் தாங்கும், தேங்காய் போட்டது எதுவும் தாங்காது. கடற்கரையை ஒட்டிய ஓட்டல்களில் மீன் விலை கிலோ கணக்கில் சொல்வார்கள். தட்டு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, எடை போட்டுக் காட்டச் சொன்ன பிறகு பொரிக்கச் சொல்லுங்கள். சைவம் என்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாப்பாடு கிடைக்கும்.

யாரும் கேட்காத ஆனால் பெண்கள் முதலில் யோசிக்கிற விஷயம், கழிப்பறை. வண்டலூர் தாண்டினால் பங்குகள்தான் வழி. பெட்ரோல் போடாவிட்டாலும் சாவி கேளுங்கள், தயங்கக் கூடாது. பெரிய, புதுப் பங்காகப் பார்த்து நிறுத்துங்கள். உள்ளே கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் ரெண்டு இடத்திலும் இருக்கிறது, கூட்டம் வருவதற்கு முன் சுத்தமாக இருக்கும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவதுதான் மதியத்துத் தலைவலிக்குக் காரணம்.

மழைக்கு வாய்ப்பு இருந்தால் கழுத்தில் மாட்டித் தொங்கவிடுகிற போர்வை மாதிரி ரெயின் கோட் வேண்டவே வேண்டாம். துப்பட்டாவை விட அதுதான் சக்கரத்துக்குள் சீக்கிரம் போகும். மேல் கீழ் என்று ரெண்டாகப் பிரிந்தது வாங்குங்கள். மழை வந்தால் முதல் பத்து நிமிஷம் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள், ரோட்டில் படிந்த எண்ணெயும் மணலும் கரைந்து வழுக்குகிற நேரம் அதுதான்.

இன்னொன்று, சனிக்கிழமை மாலையே 36 ஏற்றி, அவரை உட்காரவைத்து, பெருங்களத்தூர் வரை ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். தோளில் தட்டுகிற கணக்கு, பள்ளம் சொல்வது எல்லாம் அங்கேயே பழகிவிடும். ஷாக் இன்னும் குதித்தால் மெக்கானிக் கடை அப்போதே திறந்திருக்கும்.

தாம்பரம்_கிழக்கு:

ஷாக்கை அழுத்திப் பார்த்தேன், மூணு தடவை குதித்தது. நாளைக்கு மாற்றக் கொடுக்கிறேன்.

ஸ்பேனர்_14:

மாற்றும்போது மேல் கீழ் ரப்பர் புஷ் ரெண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பழைய புஷ்ஷில் புது ஷாக் போட்டால் டொக் டொக் என்று சத்தம் வரும், அது மாமல்லபுரம் வரை கூடவே வரும்.